அவருக்குக் கிடைத்த குளிர்

எம்.டெக். கடைசி வருடத்தில் நான் செய்த ஆய்வு, குளிர் மலைகளில் இருக்கும் கிராமத்து வீடுகளை அதிக விறகு எரிக்காமல் எப்படிக் கதகதப்பாக வைத்திருப்பது என்பதைப் பற்றியது. பேராசிரியர் கொடுத்த தலைப்புகளில் யாரும் எடுக்காமல் மிஞ்சியது அது. அப்போது நான் பனியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் அத்திபெலேயில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவரின் மகள் நான். எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு ஸ்வெட்டர்தான். காலையில் யார் பால் வாங்கப் போகிறார்களோ அவர்கள் அதை மாட்டிக்கொள்வார்கள். ஆனால் அந்த மிஞ்சிய தலைப்பின்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. தெற்கே பார்த்த ஒரு சுவருக்குக் கறுப்பு பூசி முன்னால் கண்ணாடி போட்டால், பகலெல்லாம் அது வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல அறைக்குள் விடும். இதைக் கணக்கில் போட்டுப் பார்த்த அன்று, இவ்வளவு எளிதா என்று விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு வேலை கிடைத்தது எலெக்ட்ரானிக் சிட்டியில். சர்வர் அறைகளைக் குளிரூட்டும் வேலை. வரிசை வரிசையாக அடுக்கிய கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் விடுகிற சூட்டை எந்தக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது என்று பார்க்க வேண்டும். சூட்டைப் பிடித்து வைக்கப் படித்துவிட்டு சூட்டை விரட்டிச் சம்பளம் வாங்குகிறேன் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அது வேடிக்கையாக இருந்ததில்லை.

பெங்களூர் அடுகோடியில் மாமனார் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். மாநில அரசு வேலையில் இருந்தவர் அவர், காலமாகிவிட்டார். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரே மகள், நான் சொல்லப்போகிற சமயத்தில் செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். கணவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர்.

அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர், ஓசூர்க்காரர், பல வருடங்களுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டு இமாச்சலத்தின் மேல் பள்ளத்தாக்கு ஒன்றில் சிறிய தொண்டு நிறுவனம் ஆரம்பித்திருந்தார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அங்கே குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில் அடுப்பைச் சுற்றி முடங்கிவிடுவார்கள் என்றார். மண் வீடுகள்தான், சுவர் தடிமன்தான், ஆனாலும் அடுப்பு அணைந்த அரைமணியில் குளிர் வந்துவிடும். விறகும் வரட்டியும் சேர்ப்பதிலேயே பெண்களுக்குப் பாதி வருடம் போய்விடும். எவ்வளவு எரித்தாலும் போதவில்லை என்றார்.

நான் ரசம் ஊற்றுவதை மறந்துவிட்டேன். கிழித்துப் போட்டிருந்த நாள்காட்டித் தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் ஒரு வீட்டை வரைந்து காட்டினேன்.

"நீங்க சுவரையே பாக்கறீங்க. சூடு போறது கூரை வழியா. வீட்டுக்கு ஸ்வெட்டர் போட்டா மட்டும் போதாது, அதுக்குக் குல்லா வேணும். எங்க அத்தையப் பாருங்க, டிசம்பர் வந்தா மொதல்ல காதைத்தான் மூடுவாங்க. வீட்டுக்குக் கூரைதான் காது."

நண்பர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தத் தாளைப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க நீங்க? வாங்களேன், ஒரு சீசன் எங்களோட வந்து இருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சிரித்தார். "அவ எங்கடா வர்றது? பொண்ணுக்கு செகண்ட் பியூசி, அம்மாவுக்கு முழங்கால். இவ இல்லேன்னா இந்த வீடு ஒரு நாள் ஓடாது."

பாராட்டாகத்தான் சொன்னார். மாமியாரும் ஆமாம் என்று தலையாட்டினார். நானும் சிரித்துவிட்டு ரசத்தை எடுத்து வரப் போனேன்.

சில வாரங்களில் அவருடைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருடைய குழு முழுவதையும் கலைத்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடியில் ரொம்ப நேரம் போனில் பேசிவிட்டு இறங்கி வந்தார். நான் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் என்னைக் கூப்பிடறான். அடுத்த கோடை வரைக்கும். சாமான் வாங்கறது, ஆளுங்களப் பாக்கறது, அந்த மாதிரி. டெக்னிக்கலா நீ இங்கேர்ந்தே சொல்லலாம்னான்."

"உங்களுக்குக் கூரையப் பத்தி என்னங்க தெரியும்?"

"அதான் நீ இருக்கியே."

அவர் முகம் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் தெளிந்திருந்தது. வேலை போன மனுஷன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? போய் வாங்க என்றேன். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தேன். முதலில் என்னைத்தானே கூப்பிட்டார்கள் என்று மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

குளிர் உடைகள் வாங்க இரண்டு பேரும் போனோம். அவர் பில் போட வரிசையில் நின்றபோது, பெண்கள் பகுதியில் தொங்கிய ஒரு தடித்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு உடை போட்டுப் பார்க்கும் சிறிய அறைக்குள் போய் மாட்டிப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துக்கொண்டேன். சரியாக இருந்தது. வேர்த்து ஊற்றும் வரை அதிலேயே நின்றுவிட்டு, திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன்.

அவர் போன பிறகு எனக்கு இரண்டு வேலை. காலையில் எழுந்து சமைத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, மகளை டியூஷனுக்கு அனுப்பி, கம்பெனி கேப்பில் உட்கார்ந்ததும் மடியில் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். மேம்பாலத்தின் மேல் கேப் போகிற நேரம்தான் அந்த மலை வீடுகளுக்கான நேரம். தெற்குச் சுவருக்கு எவ்வளவு கண்ணாடி, கதவிடுக்கை எதால் அடைப்பது, கூரைக்கு எதன்மேல் எது என்று ஒவ்வொன்றாக வரைந்து அனுப்பினேன். கூரைக்கு நான் வரைந்தது இதுதான்: அறையிலிருந்து பார்த்தால் முதலில் பலகை, பலகையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பின் மேல் வைக்கோல், வைக்கோலின் மேல் பழையபடி மண்.

அவர் வேகமாகக் கற்றுக்கொண்டார். முதலில் போனில் "நீ சொன்ன அந்தக் கறுப்புச் சுவர்" என்றார். கொஞ்ச நாளில் "நம்ம சுவர்" ஆயிற்று. தீபாவளி சமயத்தில் "நாங்க சுவர முடிச்சிட்டோம்" என்றார். அந்த "நாங்க"வில் நான் இல்லை.

அவர் தங்கியிருந்தது வேலை நடந்த வீடுகளில் ஒன்றில். அந்த வீட்டுப் பெண்ணைத் தீதி என்பார். அக்கா என்று அர்த்தம். அவரைவிட அவள் பத்து வயதாவது சின்னவள். அவளுடைய கணவருக்கு ராணுவத்தின் சாலை வேலை, வீட்டில் இருப்பது குறைவு. தீதி இன்னிக்கு இதைச் சமைத்தாள், தீதி அப்படிச் சொன்னாள் என்று பேச்சு வரும். வேறுவிதமான சந்தேகம் எனக்கு வரவில்லை. ஆனால் ஒருநாள் ஒரு படம் அனுப்பினார். அடுப்புப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தீதியின் குழந்தையை ஒரு தொடையில் வைத்துக்கொண்டு டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தார். இருபது வருடத்தில் அடுகோடி வீட்டில் அவர் ஒரு வெங்காயம் உரித்ததில்லை. படத்தை மாமியாரிடம் காட்டினேன்.

"பாவம், எம்புள்ள. குளிர்ல எப்படிக் கஷ்டப்படறான் பாரு."

"அத்தை, அவர் ஒத்தச் சட்டையில உக்காந்திருக்காரு. அங்க உள்ள சூடு. நாமதான் இங்க நடுங்கறோம்."

உண்மையும் அதுதான். அந்த டிசம்பரில் பெங்களூரில் விடாமல் தூறல். எங்கள் வீடு வடக்கே பார்த்தது, வெயிலே படாது. காலையில் மொசைக் தரையில் கால் வைத்தால் முதுகெலும்பு வரை ஏறும். மாமியார் ஸ்கார்ஃபைக் கட்டி, சாக்ஸ் போட்டு, கம்பளியும் போர்த்திக்கொண்டு டிவி பார்ப்பார். மலை உச்சியில் பனிக்கு நடுவே இருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தியின் வீட்டுக்கு வெயிலை எப்படி இழுத்து வருவது என்று நான் கணக்குப் போடுவேன். என் வீட்டில் வெந்நீர்ப் பை கசியும்.

போனில் இன்னொன்றும் என்னை அரித்தது. பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று சத்தம் நின்றுவிடும். திரையில் மைக்கின் மேல் கோடு விழும். முகத்தைத் திருப்பிக்கொள்வார். திரும்பி வந்து "சொல்லு" என்பார். பக்கத்தில் யாரிடமோ பேசுகிறார், நாம் பேசுவதைவிட அங்கே நடப்பது முக்கியமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்.

பொங்கலுக்கு முன்னால் ஓசூர் நண்பர் ஒரு ஆன்லைன் கூட்டம் வைத்தார். உதவி செய்கிறவர்களுக்கு வேலையைக் காட்டுவதற்காக. நானும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துச் சேர்ந்துகொண்டேன். என் கணவர் அந்தப் புதிய சுவருக்கு முன்னால் நின்று பேசினார். கன்னம் சிவந்து, தாடி வளர்ந்து, வயது குறைந்தவர்போல் இருந்தார். பேச்சு வராமல் மீட்டிங்கில் தடுமாறுகிறவர் அவ்வளவு அழகாகப் பேசினார்.

"வீட்டுக்கு ஸ்வெட்டர் போட்டா மட்டும் போதாது, குல்லா வேணும். எங்கம்மா டிசம்பர் வந்தா மொதல்ல காதைத்தான் மூடுவாங்க. வீட்டுக்குக் கூரைதான் காது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

திரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிலர் கைதட்டும் படம் போட்டார்கள். ஒரு பெண்மணி, என்ன அருமையான உதாரணம் என்று எழுதினார். நண்பர் என்னைப் பற்றி ஒரு வரி சொன்னார், வரைபடங்களில் உதவியவர் என்று. நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள். "அம்மா, ஜெலஸ்ஸா இருக்கியா?"

"எதுக்குடி ஜெலஸ்? உங்கப்பா மேலயா?"

"அதான் கேக்கறேன்."

"போய்ப் படி."

அவள் போகவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போனாள். அது பொறாமைதான். பெயர் தெரிந்த பிறகும் குறையவில்லை. அவர் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் அனுப்பினேன். சந்தோஷமாக இருப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வீடியோவில் பேசும்போது அவர் தலைக்கு மேல் கூரைப் பலகையில் ஒரு கறை தெரிந்தது. போனைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தேநீர் சிந்தியதுபோல் மூலையில் பரவியிருந்தது.

"அது ஒண்ணுமில்ல. பனி உருகி ஒழுகுது. இங்க எல்லா வீட்லயும் ஒழுகறதுதான்."

"இந்த மாசத்துல எப்படிங்க உருகும்? வெளிய எவ்வளவு குளிர்?"

"ரொம்பத்தான்."

"அப்போ மேலேர்ந்து வர்ற தண்ணி இல்ல அது. உள்ளேர்ந்து போற ஆவி. பிளாஸ்டிக் எங்க போட்டிருக்கீங்க?"

சத்தம் நின்றது. மைக்கின் மேல் கோடு. திரும்பி வந்தபோது, "வைக்கோலுக்கு மேல" என்றார்.

"நான் கீழ போடத்தானே வரைஞ்சேன்?"

"மேஸ்திரி சொன்னார். வசந்தத்துல பனி உருகினா வைக்கோல் நனைஞ்சிரும், மேல போட்டாத்தான் காப்பாத்தும்னார். சரியாத்தானே பட்டுச்சு. சின்ன மாத்தம்தானேன்னு உன்கிட்ட சொல்லல."

அடுப்பில் எந்நேரமும் கெட்டில் கொதிக்கிறது, துணி உள்ளே காய்கிறது, ஆட்கள் மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரமெல்லாம் சூட்டோடு மேலே ஏறும். கீழே விரிப்பு இருந்திருந்தால் அறையிலேயே நின்றிருக்கும். இப்போது பலகை இடுக்கு வழியாக வைக்கோலுக்குள் போய், மேலே இருக்கிற சில்லிட்ட பிளாஸ்டிக்கில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. ஈரமான வைக்கோல் சூட்டைப் பிடித்து வைக்காது, அழுகிப்போகும். இதையெல்லாம் நான் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தப்பு செய்திருக்கிறார் என்பது எனக்குள் இனிப்பாக இறங்கியது. அந்த இனிப்போடு கத்தினேன். அவரும் கத்தினார். நான் இங்க குளிர்ல கிடக்கறேன், நீ ஏசி ஆஃபீஸ்ல உக்காந்து சொல்றே என்றார். அதைத்தான் நான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

தினமும் இதே சண்டையாயிற்று. இதற்கு நடுவில் மகளின் ப்ரிப்பரேட்டரி பரீட்சையில் கணக்கு சரியாக வரவில்லை. டியூஷன் இருந்தும் புரியவில்லை என்று அழுதாள். நான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். என்ஜினியர் நான், கால்குலஸ் தெரியாதா? அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு பேனாவை மூடினாள்.

"நீ சொல்றது கரெக்ட்மா. ஆனா அப்பா சொன்னாத்தான் எனக்கு ஓடும். அப்பாவ வரச் சொல்லு."

அங்கே தீதிக்கும் அவர்தான் வேண்டும், இங்கே இவளுக்கும் அவர்தான் வேண்டும். நான் யாருக்கு வேண்டும் என்று தோன்றியது.

தீர்ப்பு சொன்னவர் மாமியார். ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "அவன் இங்க வரட்டும், புள்ளைக்குப் பாடம் சொல்லட்டும். நீ அங்க போய் உன் கூரையப் பாரு. உங்க ரெண்டு பேர் சண்டையும் எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

"உங்க முழங்கால், அத்தை?"

"முழங்கால் என்னுது. நான் பாத்துக்கறேன். நீ இல்லேன்னா வீடு ஓடாதுன்னு எவன் சொன்னது?"

சொன்னது அவருடைய மகன்தான். அலுவலகத்தில் சேர்ந்திருந்த விடுப்பையெல்லாம் கேட்டு வாங்கினேன். அவர் கிளம்புவதற்கு முன் சில நாள் இரண்டு பேரும் அங்கே இருந்து வேலையைக் கைமாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

சிம்லா வழியாக ஜீப்பில் போனேன். வழியெல்லாம் வாந்தி. கிராமத்தில் இறங்கியபோது மூக்கின் உள்ளே இருக்கிற ஈரம்கூட உறைந்தது. அவ்வளவு வருடம் கணக்கில் மட்டுமே எழுதிய குளிர் அதுதான் என்று கண்ணில் தண்ணீர் வந்தது; அதுவும் கன்னத்தில் சில்லென்று நின்றது. அவர் ஓடிவந்து பையை வாங்கினார். மெலிந்திருந்தார். வீட்டுக்குள் போகும்வரை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போனதும் சுவரில் கைவைத்துக் குனிந்து இருமினார், இருமிக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவு நாளாங்க இது?"

"ஒரு மாசத்துக்கு மேலயே. நீ கவலைப்படுவேன்னு மைக்க ஆஃப் பண்ணிருவேன்."

அவர் படுக்கிற அறைதான் கறை விழுந்த அறை. மூலையில் பூசணம் கறுப்பாகப் பூத்திருந்தது. காய்ந்த பக்கத்தைத் தீதியின் குழந்தைகளுக்கு விட்டுவிட்டு அந்த மூலையில் படுத்திருந்தார். போன் சத்தம் நிற்கும்போதெல்லாம் நான் எதை எதையோ நினைத்தது ஞாபகம் வந்தது. சண்டை போடுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. மிளகு இருக்கிறதா என்று தீதியிடம் கேட்டேன்.

தீதி நான் நினைத்ததுபோல் சாந்தமானவள் இல்லை. இடுப்பில் குழந்தையோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். உங்கள் வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் என் மாவு மூட்டை நனைந்துவிட்டது, யார் சரிசெய்வது என்று ஹிந்தியில் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஹிந்தி அடுகோடியில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் குடும்பத்திடம் கற்றுக்கொண்ட தக்னி, எங்கள் பக்கத்து உருது. அதில்தான் பதில் சொன்னேன்: "பானி ஊப்பர்சே நை ஆரா. அந்தர்சேச் ஆரா." தண்ணீர் மேலிருந்து வரவில்லை, உள்ளிருந்துதான் வருகிறது என்று. அவள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இது எந்த நாட்டு ஹிந்தி என்று என் கணவரிடம் கேட்டாள். அவரும் சேர்ந்து சிரித்தார், இரண்டு பேருக்கும் பழகிய சிரிப்பு. எனக்கு மறுபடி சுருக்கென்றது.

மறுநாள் மேஸ்திரியும் வேலையாட்களும் வந்தார்கள். அதிகம் பேச எனக்கு மொழி போதாது. வாசலில் பனியில் வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, கொதிக்கிற கெட்டிலுக்கு மேல் பிடித்தேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துச் சொட்டியது. கூரையைக் காட்டினேன். மேஸ்திரி தட்டைத் தொட்டுப் பார்த்தார். பலகை ஒன்றைக் கழற்றி வைக்கோலைப் பிடித்து இழுத்தார். பிழிந்த துணிபோல் வந்தது.

மேஸ்திரி என்னிடம் கோபமாகத்தான் கேட்டார். இது தெரிந்தவர் நீங்கள் என்றால் வேலை ஆரம்பித்த செப்டம்பரிலேயே ஏன் வரவில்லை? நீங்கள் வந்து சொல்லியிருந்தால் நான் ஏன் மாற்றுகிறேன்?

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் வரவிடல" என்றார். தமிழில் சொன்னார். எனக்கு மட்டும் புரியும்படி.

கூரையின் மேல்பக்கத்தை அந்தக் குளிரில் தொட முடியாது. ஆனால் பலகையை அறைக்குள்ளிருந்தே கழற்றலாம். அறை அறையாகப் பிரித்து, ஈர வைக்கோலை அள்ளி எறிந்து, கீழே விரிப்பு போட்டு, காய்ந்ததைத் திணிக்க வேண்டும். காய்ந்த வைக்கோலுக்கு எங்கே போவது? இருந்ததெல்லாம் மாடுகளுக்கு வைத்திருந்த தீவனம். தீதி தரமாட்டேன் என்றாள். அது நியாயம். கடைசியில் கீழ் ஊர்த் தச்சுப் பட்டறையிலிருந்து மரச் சீவலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தோம். கெட்டிலுக்கு மூடி போட வைத்தேன், துணி காயப்போடுவதை வெயில் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாற்றினேன். முதல் அறை முடிந்த அன்று என் கணவர் கிளம்பினார். ஜீப்பில் ஏறும்போது தீதி அவருக்கு ஒரு பை நிறைய உலர்ந்த ஆப்ரிகாட் கொடுத்து அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்காக அப்படி அழுது வழியனுப்ப யாருமில்லையே என்று அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த வேலை முழுதாகக் கிடைத்தது. மற்ற வீடுகளின் கூரைகளையும் திறந்து பார்த்தோம். சிலவற்றில் இன்னும் ஈரம் ஏறவில்லை, சிலவற்றில் ஏறியிருந்தது. தலைமுடியெல்லாம் மரத்தூளும் சீவலுமாக நாள் முழுவதும் பலகைகளுக்குக் கீழே நின்றேன். ஒரு மாலை வெயில் இறங்கிய பிறகு கறுப்புச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் முதுகுபோல் சுட்டது. விறகு அடுக்கு இந்த வருடம் பாதிகூடக் குறையவில்லை என்று தீதி சொன்னாள். அதை அவள் என்னிடம் சொன்னாள் என்பதில் எனக்கிருந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தால் அப்பாவும் மகளும் மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். "அம்மா, அப்புறம் பேசறேன், இந்த சம் முடியட்டும்" என்பாள் அவள். மாமியார் மட்டும் பேசுவார். மகன் இப்போது காய் நறுக்குகிறான், ஆனால் பெரிது பெரிதாக நறுக்குகிறான் என்பார். என் அடுப்படியில் அவர் நிற்பதை நினைத்தாலும் பிடிக்கவில்லை. மலையில் இருந்தால் வீட்டின்மேல் பொறாமை, வீட்டில் இருந்தால் மலையின்மேல். இது எங்கே போய் முடியுமோ என்று எனக்கே சிரிப்பு வந்தது.

மகள் நன்றாகவே பாஸானாள். கோடையில் ஓசூர் நண்பர் பெங்களூர் வந்தார். நிரந்தரமாக ஒருவரை வைத்துக்கொள்ளப் போகிறேன், கூரைகளையெல்லாம் மேலிருந்து பிரித்து ஓரத்தில் காற்றுப் போக வழி விட்டு மறுபடி போட வேண்டும், அடுத்த பள்ளத்தாக்கிலும் கேட்கிறார்கள் என்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒருத்தருக்குத்தான் இடம், நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

இரண்டு நாள் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்கும் ஆசை என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "நான் போறேங்க."

"தெரியும்" என்றார். தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தார். "நீ போறதுதான் சரி. ஆனா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, சொல்லிட்டேன்."

"சொன்னதே நல்லது."

நான் வேலையை விட்டேன். அவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மகள் மைசூரில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மாமியாரின் அறைக்கு, நான் கிளம்புவதற்கு முன், தெற்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் திறந்துவிட்டுப் போனேன். இப்போது வருடத்தில் பாதிக்குமேல் மலையில் இருக்கிறேன். தீதியோடு எனக்கு அடிக்கடி வாக்குவாதம் வரும், அவளுக்கு என் தக்னி பழகிவிட்டது.

போன வாரம் அவர் போன் செய்தார். தசராவுக்கு லீவு சேர்த்து எடுத்திருக்கிறேன், கூரை வேலைக்கு வரட்டுமா, மேஸ்திரியோடு வேலை செய்து ரொம்ப நாளாச்சு என்றார். குரலில் அவ்வளவு ஆசை.

வாங்க என்று சொல்ல ஒரு விநாடி போதும். எனக்கு அதைவிட அதிக நேரம் ஆயிற்று. கூரையின்மேல் எல்லோரும் அவரைச் சுற்றி நின்று சிரிப்பது கண்முன் வந்தது. ஆட்கள் போதுமா என்று மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் கேட்கவில்லை.